பை மிதந்த கால் மணி நேரம்

கண்ணாடித் தொட்டி ஒன்றில் மூன்று வருஷமாகத் தன்னந்தனியாக இருந்தது ஒரு தங்கமீன். அதன் உருண்டை உடம்பைப் பார்த்து வீட்டுக்காரர்கள் கொழுக்கட்டை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒருநாள் தண்ணீர்மேல் ஒரு பிளாஸ்டிக் பை வந்து மிதந்தது. உள்ளே கன்னங்கரேலென்று ஒரு முட்டைக்கண் மீன். தொட்டித் தண்ணீரின் சூடு அதற்குப் பழகட்டும் என்று பையோடு மிதக்க விட்டிருந்தார்கள்.

கொழுக்கட்டை ஓடிப்போய்ப் பையில் வாயை ஒட்டிக்கொண்டது.

"வந்துட்டியா! எத்தனை நாளாக் காத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா? இனிமே தீனி விழுந்தா முதல் உருண்டை உனக்கு. பம்பு பக்கத்துல குமிழி சுகமா இருக்கும், அந்த இடமும் உனக்குத்தான்."

"எனக்குப் பயமா இருக்கு," என்றது பைக்குள் இருந்த கறுப்பு மீன். "கடைத் தொட்டியில நாப்பது பேர் இருந்தோம். ஒருத்தர்கூட என்கிட்ட முகங்கொடுத்துப் பேசினதில்ல."

"அதான் நான் இருக்கேன்ல."

மனசில் கிடந்ததையெல்லாம் இரண்டும் கொட்டித் தீர்த்தன. கால் மணி நேரம் கழித்து ஒரு கை வந்து பையைச் சாய்த்தது. கறுப்பு மீன் வெளியே வந்து கொழுக்கட்டைக்கு நேர் எதிரே நின்றது. நடுவில் ஒன்றுமே இல்லை.

"சாப்பிட்டியா?" என்றது கொழுக்கட்டை.

"ம்."

கொழுக்கட்டை திரும்பிப் போய்ப் பம்பு பக்கத்தில் நின்றுகொண்டது. கறுப்பு மீன் எதிர் மூலைக்குப் போனது.

காலிப் பையை யாரோ தொட்டியின் கண்ணாடி மூடிமேல் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இப்போதும் ஒன்று அசந்திருக்கும் நேரம் பார்த்து, மற்றது சத்தமில்லாமல் அந்தப் பைக்கு நேர் கீழே வந்து, அதனிடம் ஏதோ சொல்வதுபோல் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.