யோசிக்கும் வரை நிற்கும் கப்பல்

மதிய வெயில் தையல் கடையின் வெட்டு மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. தம்பி கத்தரிக்கோலை ஓரம் தள்ளிவிட்டு, போனில் இரண்டு விண்வெளிப் போர் விளையாட்டுகளை மாற்றி மாற்றிப் பார்க்கிறான். எதை வாங்குவது? விரலில் இருந்த சாக்பீஸ் பொடி திரையில் அப்பிக்கொண்டதில் எது நட்சத்திரம், எது பொடி என்றே பிடிபடவில்லை. துடைக்கப் போனால் படம் நகர்ந்து வேறொரு கிரகம் வந்து நிற்கிறது. மெஷினில் காலர் தைத்துக்கொண்டிருக்கும் அக்கா தலை நிமிராமலே கேட்கிறாள்: “காலையிலேருந்து அதையே நோண்டிட்டிருக்கே. ரெண்டுக்கும் அப்படி என்னடா வித்தியாசம்?” “இதுல நான் யோசிச்சு முடிக்கிற வரைக்கும் எதிரியோட கப்பல் அசையாதுக்கா. அதுல அப்படியில்ல, யோசிக்கும்போதே வந்து கிரகத்தைப் பிடிச்சிட்டுப் போயிடும். ஆனா அதுதான் பார்க்க அழகா இருக்கு. ஒண்ணும் புரியல.” மெஷின் நிற்கிறது. அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள். “தெருவுக்கு அந்தப் பக்கம் பட்டன் கடை வச்சிருக்காளே, அவ உன்கிட்ட ‘என்னைக் கட்டிக்கிறியா’ன்னு கேட்டு ஒரு மாசமாச்சு. நீ சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. அவ இதுல எந்த ஆட்டம்டா?”

தெருவின் அந்தப் பக்கம் பட்டன் கடை ஷட்டர் கடகடவென்று இறங்குகிறது. சாப்பிடப் போகிறாளா, இல்லை கடையையே காலி செய்கிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. போன் தானாக அணைந்துபோகிறது. கறுத்த திரையில் பொடி மட்டும் நட்சத்திரம்போல மின்னுகிறது. அவன் வாசல்வரை போய், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நிற்கிறான்.