பெயர் வெளியிட விரும்பாத சகோதரர்

“டைப் அடி தங்கச்சி. ‘நமது ஆலயக் கழிப்பறை சுத்தமாக இருப்பதற்காகச் சனிக்கிழமைதோறும் அங்கே போய்வரும் ஒரு சகோதரர், தம் பெயரை வெளியிட விரும்பவில்லை. மகிமை கர்த்தருக்கே.’”

அடித்தேன். சபையின் மாதப் பத்திரிகையை அச்சுக்குத் தயார் செய்வது நான்தான். வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். அதுதான் என் ஆபீஸ்.

“அதுக்குக் கீழே, ‘அவர் மேற்குத் தெருவில் மாடி வீட்டில் இருப்பவர்.’”

“பெயர் வேண்டாம்னீங்களேண்ணா?”

“பெயரா போட்டேன்? தெருதானே போட்டேன். ‘நீல ஸ்கூட்டர் வைத்திருப்பவர். தலையில் முடி சற்றுக் குறைவு.’”

“அப்படியே உங்க போட்டோவையும் போட்டுடட்டா?”

“போடலாமா?” என்றார். முகமெல்லாம் பல்.

இவருக்குச் சபையில் ‘விளம்பரம்’ என்று பெயர். சும்மா வைக்கவில்லை. ஜெபத்தில் கண்ணை மூடச் சொன்னால், தான் மூடியிருப்பதை யாராவது கவனிக்கிறார்களா என்று திறந்து பார்க்கிற மனிதர்.

அந்தக் கழிப்பறை முன்பெல்லாம் பக்கத்தில் போனாலே குடலைப் பிரட்டும். ஆறு மாதமாக யாரோ சனிக்கிழமைகளில் வந்து கழுவிவிட்டுப் போகிறார்கள். ஞாயிறு காலையில் போனால் தரை பளிச்சென்று இருக்கிறது. அந்தப் புண்ணியவானைக் கண்டுபிடித்து மேடையில் ஏற்றியே தீருவது என்று கமிட்டி ஒற்றைக்காலில் நின்றது.

“அப்போ அது நீங்கதானா?”

“அதை என் வாயால எப்படிச் சொல்றது?” என்று நெளிந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை என்றாலே எனக்கு வேறு கவலை. என் வீட்டுக்காரர் குடியை விட்டு ஏழு மாதம் ஆகிறது. ஆனால் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குத்தான் வீடு திரும்புவார். கேட்டால், “சும்மா காலாற நடந்துட்டு வந்தேன்.” காலாற நடந்த மனுஷன் மேல் எதற்கு அவ்வளவு சோப்பு வாசனை? எதை மறைக்கக் குளித்துவிட்டு வருகிறார்? மறுபடி ஆரம்பித்துவிட்டாரோ? வாய்விட்டுக் கேட்கவும் பயம்.

அந்தச் சனிக்கிழமையும் மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டார். நான் புரூஃபை எடுத்துக்கொண்டு விளம்பரத்தின் வீட்டுக்குப் போனேன். “கோயிலுக்குப் போயிருக்கார்” என்றார் அவர் மனைவி. நிஜமாகவே கழுவுகிறாரா, அதையும் பார்த்துவிடுவோம் என்று விறுவிறுவென்று நடந்தேன்.

கழிப்பறை வாசலில் நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டுக் கடலை கொறித்துக்கொண்டிருந்தார். சட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளே யாரோ பிரஷ் போட்டுத் தேய்க்கும் சத்தம்.

“ஆளை வச்சுக் கழுவிட்டு, பேரு மட்டும் உங்களுக்கா?”

பதறிப்போய் வாயில் விரலை வைத்தார். அதற்குள் நான் எட்டிப் பார்த்துவிட்டேன்.

பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, சுதி சேராத ஒரு பாட்டை முணுமுணுத்தபடி தேய்த்துக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர்.

விளம்பரம் என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“தற்செயலா வந்து பார்த்துட்டேன் தங்கச்சி. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட வாக்கு வாங்கிட்டார்.”

“நல்ல காரியம்தானேண்ணா? சொன்னா என்ன?”

“போன வருஷம் குடியை விட்டுட்டார்னு மேடையில ஏத்திக் கைதட்டினோமே, மறந்துட்டியா?”

மறக்கிற விஷயமா அது? அந்தக் கைதட்டலைக் கொண்டாடத்தான் அன்று சாயங்காலமே குடித்துவிட்டு வந்தார்.

“‘கைதட்டினா எனக்குத் தலைக்கு ஏறிடுதுண்ணா, இந்த வேலை ஆண்டவருக்கு மட்டும் தெரிஞ்சா போதும்’னார். இப்போ கமிட்டிக்காரங்க அடுத்த வாரம் ஒளிஞ்சிருந்து ஆளைப் பிடிக்கப் போறாங்களாம். அதான் இந்த அறிவிப்பு. இப்படித் தம்பட்டம் அடிக்கிறவனை எவன் மேடையில ஏத்துவான்? கடுப்பாகித் தேடுறதையே விட்டுடுவாங்க.”

“இருந்தாலும் பொய் இல்லையா?”

“நீதானே அடிச்சே? ஒரு வார்த்தை பொய்யா இருந்தா எடுத்துடு. சனிக்கிழமையானா நான் இங்கே போய்வந்துட்டுத்தானே இருக்கேன், யாரும் இந்தப் பக்கம் வராம பார்த்துக்க?”

“சபையே உங்களைப் பார்த்துச் சிரிக்குமேண்ணா.”

“ஏற்கெனவே சிரிச்சிட்டுத்தான் இருக்காங்க. அதனால எனக்குச் சுலபம்.” கையில் இருந்த கடலையில் பாதியை எனக்குக் கொடுத்தார். “ஒண்ணே ஒண்ணு தங்கச்சி. நீ பார்த்தது அவருக்குத் தெரியவே கூடாது. நீ மெச்சினாலும் தலைக்கு ஏறிடும்.”

ஆறு மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். ‘பொறுப்பில்லாம எங்கே ஊர் சுத்திட்டு வர்றீங்க’ என்று வாய் வலிக்கத் திட்டினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் யாரையும் திட்டியதே இல்லை.