வாடகைக் கூட்டம்

கூட்டமில்லாத கடையில் யாரும் வண்டியை நிறுத்துவதில்லை என்று, சாலையோரம் டீக்கடை வைத்திருந்த சொர்ணத்தாய் கூட்டத்தையே வாடகைக்கு எடுத்துப் போட்டாள். விடிந்ததும் வெளிச்சத்தால் ஆன ஆட்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்து பேப்பர் புரட்டுவார்கள், சிரிப்பார்கள். தொட்டால் கைக்கு ஒன்றும் அகப்படாது. நாளாக ஆக அவளும் பழகிப்போய், அவர்கள் கைக்குள் துணியை விட்டே மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அன்று அப்படித் துடைத்துக்கொண்டு போனபோது அவள் கை ஒரு முழங்கையில் இடித்தது. சூடான முழங்கை. பேயைத் தொட்டவள்போல் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். வாசலில் நின்ற லாரியைக்கூட வாடகையோடு சேர்த்தி என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

“காலையிலருந்து இங்கனதான் இருக்கேன்க்கா,” என்றான் டிரைவர்.

“வாயத் தெறந்து ஒரு டீ கேட்டா என்னய்யா?”

அவன் முழங்கையில் பட்ட ஈரத்தைத் தடவிப் பார்த்தான்.

“நீங்களும் வெளிச்சம்னு நெனச்சிட்டேன்க்கா. வார வழியில ஒவ்வொரு ஊர்லயும் டீ கேட்டேன். ‘இந்தா வருது’ன்னு கடைக்காரங்க சிரிச்சாங்க. ஒரு ஊர்லயும் வரல.”