முப்பத்தேழு சீட்டு

"அக்கா போன் பண்ணா. அத்தானோட டைரி எல்லாத்தையும் யூனிவர்சிட்டியில கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறாங்களாம். உலகமே பார்க்குமாம்" என்றாள் மனைவி. அதோடு விட்டாளா? போகிற போக்கில் ஒரு குத்து வேறு. "உங்க போட்டோவை எப்போ ஏத்துவாங்க?"

ஸ்டூடியோக்காரர் எழுந்தார். செருப்பை மாட்டினார்.

வயிறு எரியாம என்ன செய்யும்? நாற்பது வருஷம் ஸ்டூடியோ நடத்தி எடுத்த நெகட்டிவ், பன்னிரண்டு பெட்டி. அதை யூனிவர்சிட்டி நூலகத்துக்கு முதலில் கொடுத்தது அவர்தான். 'அப்போ நானும் கொடுக்கிறேனே'ன்னு நோட்டு மூட்டையோடு பின்னாடியே வந்தவர் சகலை, மனைவியோட அக்கா புருஷன். ரிட்டயர்டு தபால்காரர். வேலை முடிஞ்சு வந்து தினம் நாலு வரி கிறுக்கினதுதான் அவருடைய சொத்து.

கிறுக்கல் எங்கேயும் போயிடாது. ஃபிலிம் அப்படியா? பெட்டியைத் திறந்தாலே வினிகர் வாசம் வர ஆரம்பிச்சாச்சு. வாசம் வந்துட்டா ஃபிலிம் சுருங்கப் போகுதுன்னு அர்த்தம். இன்னும் ரெண்டு வருஷம் போனா அதிலே இருக்கிற அத்தனை முகமும் அவ்வளவுதான்.

நூலகத்தின் ஆவணப் பிரிவில் நூலகர் அம்மா பென்சில் சீவிக்கிட்டு இருந்தார். அங்கே பேனாவுக்கு அனுமதி கிடையாது.

"வாங்க சார். டைரிப் பெட்டிதானே? எடுத்து வைக்கவா?"

"பெட்டி வேண்டாம் மேடம், நியாயம் வேணும். என் போட்டோவை விட்டுட்டு அவர் டைரியை எப்படி ஏத்தலாம்?"

"லெட்டர் போட்டிருந்தோமே சார். இந்த வருஷம் ஒரு சேகரிப்பைத்தான் ஸ்கேன் பண்ண முடியும், வாசகர்கள் எதை அதிகமா கேட்கிறாங்களோ அதுதான்னு."

"மூணு பக்கத்துக்கு லெட்டர் போட்டா எவன் படிப்பான்? நான் படம் பிடிக்கிறவன்."

"டைரி வேணும்னு முப்பத்தேழு சீட்டு வந்திருக்கு. போட்டோவுக்கு முப்பத்தொண்ணு. அவங்கவங்க கொடுத்ததுக்கு அவங்களே சீட்டு போட்டா கணக்கில சேராது."

"முப்பத்தேழா! அப்படி என்ன இருக்கு அதுல? 'இன்று மழை. சைக்கிள் பஞ்சர்.' மறுநாள், 'மழை இல்லை. பஞ்சர் ஒட்டியாச்சு.' இதைப் படிக்க முப்பத்தேழு பேரா?"

"நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்க சார்."

"வரி வரியா உட்கார்ந்து படிச்சவனாச்சே! எழுத்துப் பிழை மட்டும் இருநூத்திப் பதினொண்ணு. என்னைப் பத்தி எங்கேயாவது திட்டி எழுதியிருப்பார்னு சல்லடை போட்டுத் தேடினேன். ஒரு வரி கிடையாது. அவ்வளவு அழுத்தம் மேடம் அந்த ஆளுக்கு!"

நூலகர் அம்மா சிரிப்பை அடக்கிக்கிட்டார்.

"எனக்குத் தெரியாதா?" ஸ்டூடியோக்காரர் கவுன்ட்டரில் சாய்ந்தார். "பழைய போஸ்ட் ஆபீஸ் ஆளுங்களை எல்லாம் கூட்டிட்டு வந்து சீட்டு போட வச்சிருக்கார். எடுங்க அந்த முப்பத்தேழையும். யார் யாருன்னு நான் பார்க்கணும்."

"வாசகர் பேரை வெளியாளுக்குக் காட்டக் கூடாது சார். ரூல்."

"பார்த்தீங்களா, மூடி மறைக்கிறீங்க!"

குரல் ஏறினதும் மூலையில் படிச்சுக்கிட்டிருந்த ஒரு பொண்ணு நிமிர்ந்து பார்த்தாள்.

நூலகர் அம்மா பென்சிலைக் கீழே வைத்தார். "ஒருத்தர் போட்ட சீட்டை அவர்கிட்டேயே காட்டலாம் சார். அதுக்குத் தடை இல்லை."

டிராயரைத் திறந்தார். ஒவ்வொரு சீட்டா எடுத்து மேஜையில் வைத்தார். முப்பத்தஞ்சு வந்ததும் நிறுத்தினார்.

எல்லாத்திலும் ஒரே கையெழுத்து. ஸ்டூடியோக்காரருடையது. 'நோக்கம்'னு இருந்த கட்டத்திலும் ஒரே வார்த்தை: 'சரிபார்ப்பு'.

"செவ்வாய், வெள்ளின்னு தவறாம வந்தீங்களே சார். மிச்சம் ரெண்டே ரெண்டுதான் மத்தவங்க."

ஸ்டூடியோக்காரர் சீட்டுகளை ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். சகலையோட டைரியைத் தன் கையாலேயே தூக்கி மேலே வச்சிருக்கார். பன்னிரண்டு பெட்டியும் கண்ணுக்கு முன்னாடி சுருங்குகிற மாதிரி இருந்தது.

ஆனாலும் ஆள் விழுந்த இடத்திலேயே கிடக்கிறவர் இல்லை.

"போகட்டும் மேடம். என்னைக் கழிச்சா அவருக்கு ரெண்டே பேர். எனக்கு முப்பத்தொரு பேர்! இன்னைக்கே வீட்டுக்காரிகிட்ட சொல்லி அவ அக்காவுக்குப் போன் போடச் சொல்றேன். அந்த வீட்டுக்கும் தெரியட்டும்."

நூலகர் அம்மா என்னமோ சொல்ல வாயெடுத்து, பென்சிலை மறுபடி கையில் எடுத்தார்.

"என்ன மேடம்? என் ரசிகர் ஒருத்தர் பேரையாவது சொல்லக் கூடாதா?"

"பேர் கூடாது சார். எதுக்காகக் கேட்டிருக்காங்கன்னு வேணா பாருங்க."

இன்னொரு கட்டை எடுத்தார். பேர் இருந்த இடத்தை ஸ்கேலால் மறைச்சுக்கிட்டு ஒவ்வொரு சீட்டாத் தள்ளினார். முப்பத்தொண்ணிலும் ஒரே ஆளோட பென்சில் எழுத்து. நோக்கம் என்கிற கட்டத்திலும் ஒரே வாசகம்:

'சகலையோட ஃபிலிம் புளிச்சுக்கிட்டு இருக்கு. தயவுசெய்து அதை முதல்ல ஏத்துங்க. என் நோட்டுக்கு அவசரமில்லை.'