ஆறும் உருண்டை

விழுப்புரத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆபரேஷன் தியேட்டரில் அனந்தபுரத்துப் பூமாலை விழித்தபடி படுத்திருக்கிறாள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருக்கிறது. முகத்துக்கு முன்னால் தொங்கும் பச்சைத் துணிக்கு அப்பால் சுத்தியல் சத்தம் நின்று, கிண்ணத்தில் எதையோ கிளறும் சத்தம் தொடங்குகிறது. அதிலிருந்து நகப்பூச்சு போன்ற நெடி அடிக்கிறது. போன வருடம் முழங்காலில் வைத்த செயற்கை மூட்டைச் சுற்றிச் சீழ் பிடித்துவிட்டது. அதை எடுத்துவிட்டு, கிருமியைக் கொல்லும் மருந்துத்தூள் கலந்த எலும்புச் சிமெண்ட்டை வைக்கிறார்கள். இதற்கும் சீழ் அடங்காவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரலாம் என்று டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார். அவள் விரல்கள் மல்லாட்டைக் கடலை உரிப்பதுபோலப் போர்வையின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டே இருக்கின்றன.

“இன்னும் எவ்ளோ நேரங்க?” “சிமெண்ட் இறுகணும்மா. கால ஆட்டிடாதீங்க” என்கிறார் டாக்டர். “ஆட்டறதுக்குக் கால் எங்க சார் இருக்குது?” நர்ஸ் வேணி சிரித்துவிடுகிறாள். டாக்டர் மிச்ச சிமெண்ட்டை உருட்டிக் கையில் வைத்து அமுக்கிக்கொண்டே நிற்கிறார். உள்ளே இருப்பது இறுகிவிட்டதா என்று அந்த உருண்டைதான் சொல்லும். மேசையில் தட்டுகிறார். கல்லைப் போல டக்கென்கிறது. “அவங்க கையில குடும்மா. போர்வை பொழைக்கட்டும்.”

வேணி அதைப் பூமாலையின் உள்ளங்கையில் வைக்கிறாள். சுடுகிறது. “உள்ளயும் இப்படித்தான் சுடுதா?” “ஆமாங்க.” “எனக்கு ஒண்ணுமே தெரியலியே.” விரல்கள் நிற்கின்றன. உருண்டை ஆறத் தொடங்குகிறது. பூமாலை அதை இறுக மூடுகிறாள். திறந்து, மறுபடி மூடுகிறாள்.