உப்புப் பெறாத சண்டை

"தூங்கும்போது குறட்டை விடுவீங்களா? மூச்சு திணறுமா?"

மயக்க மருந்து டாக்டர் கேட்டது கட்டிலில் இருந்தவரை. முந்திக்கொண்டு பதில் சொன்னது மனைவி.

"அதெல்லாம் கிடையாது டாக்டர். சத்தமே வராது."

அவர் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார். வீட்டுக்காரியே சொன்னபிறகு அப்பீல் ஏது? டாக்டரும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

குடலிறக்கத்துக்குச் சின்ன ஆபரேஷன்தான். லேசான மயக்கம் போதும் என்று முடிவாயிற்று. ஆனால் மருந்து ஏறிய கொஞ்ச நேரத்தில் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துக்கொண்டது. நெஞ்சு எழும்பி எழும்பித் தவித்தது, காற்று மட்டும் உள்ளே போகவில்லை. உதடு நீலம் பாரித்தது. டாக்டர் தாடையை முன்னால் தூக்கிப் பிடித்தார், போதவில்லை. வாய்க்குள் வளைந்த குழாயைச் செருகி, முகமூடியை அழுத்திக் காற்றைச் செலுத்திய பிறகுதான் மூச்சு திரும்பியது. டாக்டருக்கே உயிர் போய் உயிர் வந்தது.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர், ஆபத்து தாண்டிவிட்டது என்று சொன்ன கையோடு மனைவியைப் பிடித்துக்கொண்டார். இப்படித் தொண்டை அடைக்கிறவர் வீட்டிலும் தூக்கத்தில் திணறியிருப்பாரே, பக்கத்தில் படுப்பவருக்குத் தெரியாமல் போகுமா, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார்.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே வந்திருந்தாள். கையிலிருந்த வேன் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பக்கத்துல படுத்தாத்தானே டாக்டர் தெரியும்? மக கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போனாளே, அந்த வருஷம், சாப்பாட்டுல உப்பு சரியில்லைன்னு தட்டைத் தள்ளிட்டு, தலையணையைத் தூக்கிக்கிட்டு மக ரூமுக்குப் போனவர்தான். நானும் வாங்கன்னு கூப்பிடலை. இதைப் போய் வெளிய எப்படிச் சொல்றது?"

உப்புப் பெறாத சண்டை. வீம்புக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வருஷங்களை ஓட்டிவிட்டாள். ஒரு படி இறங்கிப் போயிருந்தால் இன்று அந்தப் பொய்க்கு அவசியமே வந்திருக்காது என்று சொல்லி அழுதாள்.

அவர் கண் விழித்ததும் டாக்டர் அவரிடமும் கேட்டார், உங்கள் மூச்சுச் சங்கதி உங்களுக்கே தெரியாதா என்று. திரைக்கு அப்பால் மனைவி வந்து நின்றது அவருக்குத் தெரியாது.

"தெரியும் டாக்டர். வெளியூர்ல என்கூடத் தங்கின சிநேகிதன் பயந்துபோய்ச் சொன்னான், தூக்கத்துல என் மூச்சு நின்னு நின்னு வருதுன்னு. அவளுக்கு அசந்த தூக்கம், அதுவரைக்கும் கவனிக்கலை. தெரிஞ்சா ராத்திரி பூரா முழிச்சு உட்கார்ந்து என்னைக் காவல் காப்பா. விடிஞ்சா வேன் நிறையப் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஓட்டணும். இன்னிக்கும் அவ பக்கத்துலயே நின்னா, எப்படிச் சொல்வேன்?"

தலையணையில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"அதான் வேணும்னே ஒரு சண்டையைப் போட்டுட்டுத் தனியாப் படுத்தேன். அன்னிக்கு உப்பு சரியாத்தான் இருந்துச்சு டாக்டர்."