மலை ஏறாத ஜீப்

பழைய ஜீப்பில் என்ஜின் கோளாறைக் காட்டும் அந்த மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிந்தது.

“புது ஆக்ஸிஜன் சென்சார் மாட்டியும் இப்படி உசிர வாங்குதே, தம்பி!” என்றாள், முன்சீட்டில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தவள். “நாளைக்காவது மலைக்குப் போலாமா?”

“விளக்கு எரியறப்போ மலை ஏறாதீங்கக்கா. இழுக்க முடியாம பாதி வழியில நின்னுடும்” என்றான் மெக்கானிக்.

“என் பிள்ளை மலையேறப் போய் ஒரு மழைக்காலமே முடிஞ்சிடுச்சு. நாமதானே போய்த் தேடணும்?”

மெக்கானிக் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தான். சென்சார் வயரின் பிளக் கழன்றிருந்தது. தொங்காமலிருக்க, யாரோ அதைத் துணியால் கட்டியும் வைத்திருந்தார்கள்.

வெளியே நின்றிருந்த அவள் கணவரை ஜீப்பின் பின்பக்கம் கூப்பிட்டான். “அண்ணே, இது எலி வேலை இல்ல. யாரோ வேணும்னே கழட்டியிருக்காங்க. தெரியாம நல்ல சென்சாரைத் தூக்கிப் போட்டுட்டேன். பிளக்கைச் சொருகினா போதும், சரியாயிடும்.”

“சொருகாதேப்பா.”

“நீங்களா கழட்டினீங்க? அக்கா இப்படித் துடிக்கிறாங்களே!”

அவர் குரலைத் தாழ்த்தினார். “போன மாசம் அவளுக்குத் தெரியாம நான் மட்டும் போனேன். பள்ளத்துல கிடந்தான். என் கையாலதான் மண்ணு தள்ளினேன். ஜீப் சரியானதும் போலாம்னுதான் அவ இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுறா.”

“என்ன தம்பி, ஆச்சா?” முன்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டான். “இல்லக்கா, வேற சென்சார் வரணும். அடுத்த வாரம் பார்த்துடலாம்.”

“அதுவும் நல்லதுக்குத்தான். இன்னும் ஒரு கைதான் பாக்கி, அதுக்குள்ள பின்னி முடிச்சிடுவேன். பாவம், அங்க அவனுக்குக் குளிருமில்ல?”